ரோத்தோம், தெத்தோம், பிறந்த வீடு

ஷார்ஜா ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது ஒரு டேப்லெட் உட்கார்ந்திருக்கிறது. நோயாளி அதைப் பார்த்து ரஷ்ய மொழியில் பேசினால் அது ஆங்கிலத்தில் சொல்லும். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டால் ரஷ்ய மொழியில் கேட்கும். டீ கேட்காது, லீவு கேட்காது, முட்டி வலிக்கிறது என்று புலம்பாது. என்னோடு வேலை பார்த்த நர்ஸ் ஷைனி போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

"அங்கிள், நீங்க போனப்புறம் இந்தப் பெட்டிதான் எங்களுக்கு அருள் அங்கிள். ஆனா சிரிக்கவே மாட்டேங்குது. உங்க கதையெல்லாம் எழுதி அனுப்புங்களேன், புதுசா வந்த பிள்ளைங்க கேக்குதுங்க."

எழுதுவதற்கென்ன, வெட்டி ஆபீசர்தானே நான் இப்போது! பஹ்ரைனில், ஈசா டவுனில், மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதும்தான் டியூட்டி. ஆனால் ஷைனி கேட்பது சிரிக்கிற கதைகள். அவற்றை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது. சிரிப்பு முதலில் வரட்டும். மற்றது பின்னால் வரும்.

நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். மீன்பிடிக் கப்பல் இன்ஜின் படிக்கச் சோவியத் உதவித்தொகையில் போனேன். நான் படித்து முடித்ததும் அந்த நாடு காணாமல் போனதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தன. இன்ஜின் மறந்துவிட்டது, பாஷை ஒட்டிக்கொண்டது. அந்தப் பாஷையில் என்னை முதலில் அழவைத்தது இலக்கணம் இல்லை, கத்தரிக்கோல். ரஷ்யாக்காரர்களுக்கு நீளமான வார்த்தைகளைக் கண்டால் கை சும்மா இருக்காது. இரண்டு வார்த்தைகளை எடுத்து, முதல் வார்த்தையின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு வாலை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டாவதை முழுசாக அதோடு ஒட்டிவிடுவார்கள். சில சமயம் இரண்டின் வாலையும் வெட்டுவார்கள். 'சரபோத்னயா பிளாத்தா' என்றால் உழைத்ததற்கான கூலி. அதை 'சர்பிளாத்தா' என்பார்கள், நம் சம்பளம்தான். நம்மூர்ப் பத்திரிகைகளில் மாவட்டச் செயலாளரை 'மா.செ.' என்று போடுவார்கள் அல்லவா, அது போலத்தான். ஆனால் நாம் புள்ளி வைத்து வெட்டுகிறோம். அவர்கள் வெட்டின தழும்பே தெரியாமல் தைத்துவிடுவார்கள்.

போன புதிதில் காய்ச்சல் வந்து கிளினிக்குக்குப் போனேன். கதவில் 'மெத்சிஸ்த்ரா' என்று எழுதியிருந்தது. 'சிஸ்த்ரா' என்றால் சகோதரி என்று தெரியும். 'மெத்' என்று அகராதியைப் புரட்டினேன். தேன் என்று போட்டிருந்தது. தேன் சகோதரி! காய்ச்சலோடு உட்கார்ந்து, என்ன நாகரிகமான தேசம், நர்சுக்கு இப்படி ஒரு பேரா என்று வியந்துபோனேன். அது 'மெதிசீன்ஸ்கயா' என்ற மருத்துவச் சொல்லின் வெட்டுப்பட்ட தலை என்று அந்தச் சகோதரிதான் ஊசியைப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

ஊர் திரும்பினேன், வேலை கிடைக்கவில்லை. அந்தச் சமயம் ஷார்ஜாவுக்கு விமானம் விமானமாக ரஷ்ய வியாபாரிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ரோலா கடைவீதியில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவரின் எலெக்ட்ரானிக்ஸ் கடையில், வந்தவர்களோடு பேசுவதற்கென்றே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளியை எல்லோரும் அவர் ஊர் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். வீடியோ பிளேயரை ரஷ்யர்கள் செல்லமாகச் சுருக்கி 'விதிக்' என்பார்கள். நான் சேர்ந்த அன்றைக்கே ஒருவன் வந்து, "விதிக் யெஸ்த்?" என்றான். இருக்கிறதா என்று கேட்கிறான்.

"என்னப்பா கேக்குறான்?" என்றார் காக்கா.

"விதிக் இருக்கான்னு கேக்குறான், காக்கா."

"விதி எல்லாருக்கும்தான் இருக்கு. அதுக்கா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தான்?"

கடை முழுக்கச் சிரித்தது. வந்தவனும் ஒன்றும் புரியாமலே சிரித்தான். காக்கா மௌத்தாகி மறையும்வரை அந்தக் கடையில் இருந்தேன். பிறகு அவர் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டார்கள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்புப் பிரிவின் தலைவி நரினே மேடம். ஆர்மீனியாக்காரர். ரஷ்ய மொழியைத் தாய்மொழிபோலப் பேசுவார், குரலை உயர்த்தவே மாட்டார். மேஜையில் எப்போதும் ஆரஞ்சு இருக்கும். நம் தப்பை நாம் விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர் நிதானமாகத் தோலை உரித்துக்கொண்டிருப்பார். உரித்து முடிப்பதற்குள் நமக்கே நம் தப்பு தெரிந்துவிடும். உரித்ததில் பாதியை நமக்குத் தருவார். ஊரே என்னை அருள் என்று கூப்பிட்டது. அவர் மட்டும் கடைசிவரை 'மிஸ்டர் அருளப்பன்' என்று முழுப் பெயரைச் சொன்னார். பெயரைக்கூட வெட்ட மாட்டார்.

அவருடைய முறைகள் கறாரானவை. நோயாளியின் தோளுக்குச் சற்றுப் பின்னால்தான் நிற்க வேண்டும், அப்போதுதான் அவர் நம்மைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துப் பேசுவார். 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது, 'எனக்கு வலிக்கிறது' என்றே சொல்ல வேண்டும். வெட்டின வார்த்தை வந்தால் வாலைத் தேடி எடுத்து ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் நோயாளியிடமே திருப்பிக் கேட்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த ஒருவர், ஊரில் தனக்கு 'ஃபிஸ்ராஸ்த்வோர்' ஏற்றினார்கள் என்று நோயாளி சொன்னதை 'பிசிக்கல் சொல்யூஷன்' என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் அதை உடற்பயிற்சி என்று எடுத்துக்கொண்டார். அது வெறும் சலைன். "டாக்டருக்கு முழு மாடு வேண்டும், மிஸ்டர் அருளப்பன். தலையை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்" என்பார் மேடம்.

இன்னொரு முறையும் உண்டு. நாம் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் மட்டும்தான். குடும்பத்துக்குள் என்ன பேசிக்கொண்டாலும் நம் காது செவிடு. நோயாளியே நம்மைக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்கலாம். எத்தனையோ குடும்பச் சண்டைகளுக்கு நடுவில் இந்த விதி என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நாஸ்தியா விஷயத்தில் இதே விதிக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

நாஸ்தியா நிறைமாதக் கர்ப்பிணி. பிரஷர் ஏறிவிட்டதால் வார்டில் சேர்த்திருந்தார்கள். புருஷன் ஜெரின் நம்ம ஊர்ப் பையன், கடற்கரைக் கிராமத்தான். ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு, துபாயில் ரஷ்யர்களுக்கு ஃபிளாட் விற்கும் வேலையில் இருந்தான். அவள் அங்கே ஒரு சலூனில் வேலை பார்த்தவள். பார்த்தார்கள், பழகினார்கள், கட்டிக்கொண்டார்கள். பிரசவம் பார்க்க ஜெரினின் அம்மா புஷ்பம் விசிட் விசாவில் வந்திருந்தார். கருப்பட்டியும் சுக்கும் உளுந்து மாவும் பை நிறைய. நான் இரண்டு ஊர் தள்ளி என்றதும் அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பிடின்னா நம்ம ஆளுல்லா! தம்பி, ஒண்ணு கேக்கட்டா? இவளுக்க அம்மை எப்ப வருவாளாம்? எனக்க மவன்கிட்ட கேட்டா மழுப்புகான். தலைப்பிரசவம் பெத்தவளுக்க பொறுப்புல்லா? பெத்து எழும்புனா வென்னி போட்டுத் தலைக்குத் தண்ணி விடணும்லா?"

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். அப்போது உண்மையிலேயே தெரியாது.

மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா வந்தார். நாஸ்தியாவின் ஒரு பக்கம் ஜெரின், இன்னொரு பக்கம் புஷ்பம் அக்கா, தோளுக்குப் பின்னால் நான். பிரஷர் குடும்பத்தில் வருவதா என்று தெரிய வேண்டும். உன்னைச் சுமந்தபோது உன் அம்மாவுக்கு இப்படி இருந்ததா என்று கேட்டார். நான் ரஷ்ய மொழியில் கேட்டேன்.

நாஸ்தியா போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "யா இஸ் ரோத்தோமா வ் தெத்தோம்."

'ரோத்தோம்' என்பது 'ரதீல்னி தோம்', அதாவது பிரசவ ஆஸ்பத்திரி. 'தெத்தோம்' என்பது 'தேத்ஸ்கி தோம்', அதாவது அநாதைப் பிள்ளைகள் இல்லம். பெற்றவள் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள், அங்கிருந்து நேராக அநாதை இல்லம். ஒரு ஆயுசுக் கதையை இரண்டு வெட்டுப்பட்ட வார்த்தைகளில் முடித்துவிட்டாள். நான் விதிப்படி வாலையெல்லாம் ஒட்டி, ஆங்கிலத்தில் முழுசாகச் சொன்னேன். டாக்டரம்மா அவள் கையை ஒரு முறை தட்டிக்கொடுத்துவிட்டு, தெரியாது என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

புஷ்பம் அக்காவுக்கு ரஷ்ய மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மாறி மாறி எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நாஸ்தியா அவர் கையைப் பிடித்தாள். டாக்டரிடம் சொன்ன அதே வாக்கியத்தை, "மாமா" என்று சேர்த்து, அவரிடமே சொன்னாள். ரஷ்ய மொழியில் அம்மாவுக்கு 'மாமா' என்று பேர். பிறகு ஜெரினைப் பார்த்து, "சொல்லு. இன்றைக்கு நீ சொல்லியே ஆக வேண்டும்" என்றாள். இதை எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

ஜெரின் அவள் தலையணையைச் சரிசெய்தான். கல்யாணத்தின்போது பெண் பெரிய வீட்டுப் பிள்ளை, அப்பா அம்மாவுக்கு இப்போது வர முடியாது, பேரப்பிள்ளை பிறக்கும்போது வருவார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன் அவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்ன செய்வான்?

"பொறந்த வீட்டுல இருந்து நேரா போர்டிங்குக்குப் போனவளாம்மா. அங்கதான் வளந்தாளாம்" என்றான்.

அட பாவி! 'ரோத்' என்றால் பிறப்பு, 'தோம்' என்றால் வீடு. பிறந்த வீடு. குழந்தைகள் தங்கிப் படிக்கிற இல்லத்துக்கு எங்கள் பக்கம் போர்டிங் என்றுதான் பேர். சிஸ்டர்மார் நடத்தும் போர்டிங்கில் அநாதைப் பிள்ளையும் இருக்கும், பணக்காரப் பிள்ளையும் இருக்கும். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சேர்த்துக் கேட்டால், தாய் தகப்பனோடு சொந்த வீட்டில் பிறந்து, கான்வென்டில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி வந்து நிற்கிறாள். தமிழில் மட்டும்தான் இப்படி ஒரு பொய்யை இவ்வளவு உண்மையான வார்த்தைகளால் சொல்ல முடியும்.

"போர்டிங்குலயா? வசதியான வீட்டுப் பிள்ளைதான்" என்றார் புஷ்பம் அக்கா. பிறகு அவர் முகம் மெல்ல இருண்டது. "அவ்வளவும் இருந்தும் பெத்தவளுக்கு ஒரு எட்டு வந்து பாக்க மனசில்லியே." பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாஸ்தியா அந்தக் கை விலகியதைப் பார்த்தாள். சட்டென்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். தோளுக்குப் பின்னால் நிற்பவனை நோயாளி திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அவன் சரியாகச் சொன்னானா?"

நோயாளியே கேட்டுவிட்டாள். வாயைத் திறக்கலாம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜெரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கும்பிடாத குறை. எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. குலம் கோத்திரம் தெரியாதவளைக் கட்டிவந்தான் என்று பேசப்போகும் வாய்களெல்லாம் ஞாபகம் வந்தன. இவளுக்குப் பிரஷர் இந்த உச்சத்தில் இருக்கும்போது இங்கே ஒரு ரகளை வேண்டுமா என்று தோன்றியது. காரணங்களுக்கா பஞ்சம்? எல்லாக் காரணங்களும் ஒரே நொடியில் வந்துவிட்டன.

"ஸ்லோவ வ் ஸ்லோவ" என்றேன். சொல்லுக்குச் சொல்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் வழிந்த நீரை ஜெரின் துடைத்தான்.

அடுத்த நாள் எனக்கு லீவு. அதற்கடுத்த நாள் காலையில் முதல் வேலையாக நரினே மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்கள் பொய் சொல்லவில்லை" என்றார்.

"இல்லை, மேடம்."

"அவள் உங்களிடம் வார்த்தைகளைப் பற்றியா கேட்டாள்?"

அவர் எனக்குப் பாதி ஆரஞ்சு தரவில்லை. "உடனே போங்கள். அவளிடம் அனுமதி கேளுங்கள். அந்த அம்மாவுக்கு நீங்களே தமிழில் முழுசாகச் சொல்லுங்கள்" என்றார்.

ஓடினேன். கட்டிலருகே நாற்காலி காலியாக இருந்தது. நாஸ்தியாவை ஆபரேஷனுக்கு எடுத்துப்போகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள்.

"மாமா நேற்று ஊருக்குப் போய்விட்டார்கள். பரவாயில்லை. தெரிந்துகொண்டுதானே போனார்கள்" என்றாள். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. "அன்றைக்கு உண்மையைச் சொன்னதற்கு நன்றி."

கதவு மூடிக்கொண்டது. வெளியே நின்ற ஜெரினைப் பிடித்தேன். அவளிடம் சொல்லிவிடு, உன் அம்மாவுக்கு விஷயமே தெரியாது என்று சொல்லிவிடு என்று கெஞ்சினேன். அவன் முதலில் அழுதான். பிறகு கோபப்பட்டான்.

"அண்ணே, நான் என்ன தப்பாவா சொன்னேன்? ரோத்னா பொறப்பு, தோம்னா வீடு. நீங்களும்தான் சரின்னு சொன்னிய. இனிமே எங்க வீட்டு விஷயத்துல தலையிடாதிய. கலாஸ், முடிஞ்சுது."

மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, நானே பேசிக்கொள்கிறேன் என்று அன்றைக்கே அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வார்டுக்குள் எங்களுக்கு வேலையில்லை. மேடம் அந்தக் காகிதத்தைக் கோப்பில் போட்டு மூடினார். என்னைத் திட்டவில்லை. பெண் குழந்தை என்று ஷைனி வந்து சொன்னாள். தாயும் பிள்ளையும் டிஸ்சார்ஜ் ஆகிப் போனபோது நான் வேறொரு மாடியில், ஒரு கிழவரின் பல்வலியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

ஷைனியின் மெசேஜ் வந்த பிறகு என் ஃபோனில் மொழிபெயர்க்கும் ஆப் ஒன்றை இறக்கி, அந்த வாக்கியத்தை அடித்துப் பார்த்தேன். 'மகப்பேறு மருத்துவமனையிலிருந்து அநாதை இல்லத்துக்கு' என்று உடனே தமிழில் போட்டது. அதற்கு ஜெரினின் முகம் தெரியாது, எங்கள் ஊர் வாய் தெரியாது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன புண்ணியம்?

இதோடு முடித்து ஷைனிக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மத்தியானம் பேரனைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு, மதிலோர நிழலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீங்க ஷார்ஜா ஆசுவத்திரியில ரஷ்யப் பாஷ பேசுன ஆளுல்லா?"

புஷ்பம் அக்கா. அவருடைய மகள் குடும்பம் ஈசா டவுனுக்கு வந்திருக்கிறதாம், மகள் வயிற்றுப் பேத்தியைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். ஜெரின் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"இருக்கான். ஒத்தையில கெடக்கான். அந்தப் பிள்ள போயிட்டால்லா. கொழந்தையத் தூக்கிட்டு அவளுக்க அம்மை வீட்டுக்கே போயிட்டாளாம். இவன்தான் சொன்னான்." முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அன்னைக்கு என்னத்துக்குக் கெளம்பினேன் தெரியுமா? நான் இஞ்ச இருக்கதுனாலதான் சம்பந்தி வராம இருக்கா, நான் போயிட்டா பெத்த வயிறு கேக்காது, ஓடி வருவான்னு நெனச்சேன். அதுக்குத்தான் போனேன். அவளுக்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. இந்த முறை என் தோளுக்கு முன்னால் யாரும் இல்லை.

"அக்கா, அவளுக்கு அம்மை வீடு கெடையாது" என்றேன்.

"என்ன சொல்லுதிய?"

இரண்டு வார்த்தைகளையும் பிரித்தேன். வெட்டின வால்களை எடுத்து ஒட்டினேன். பெற்றவள் ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டுப் போனதை, அநாதை இல்லத்தை, அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இதுதான் என்பதை, ஜெரின் சொன்னதை, நான் சரி என்றதை, எல்லாவற்றையும் நம்ம ஊர்த் தமிழில் சொன்னேன். நீங்கள் கேட்டுவிட்டுத்தான் போய்விட்டீர்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு ஓடி வந்தன. பேத்தி வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அப்போ," என்றார், "அந்தப் பிள்ளைக்கு யாரு தண்ணி விட்டா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"பெத்துக் கெடந்தவளுக்கு யாரு தம்பி வென்னி போட்டு, தலைக்குத் தண்ணி விட்டா?"

"தெரியாதுக்கா" என்றேன்.